பச்சைச் சட்டைப் பேராசிரியர்

கம்பம் பள்ளத்தாக்கில் உயர்கல்வியின் புதிய யுகம் அன்று காலை பிறக்கவிருந்தது. கரன்ட் போய்விட்டதால், ஜெனரேட்டருக்கு டீசல் வரும்வரை அது வாசலில் காத்து நின்றது.

கல்லூரித் தாளாளர் சண்முகராஜ் வாசலுக்கும் வகுப்புக்குமாக நடந்துகொண்டிருந்தார். பாதிப் பாடம் வகுப்பில். மீதிப் பாடம் சென்னைப் பேராசிரியரிடம், திரையில், நேரலையாக. இந்தப் புதுப் படிப்புக்கு அனுமதி கிடைக்கும் முன்பே பிள்ளைகளைச் சேர்த்தாயிற்று. இன்று பிசகினால் கல்லூரிக்கே பூட்டு.

சோதிக்க வந்த பல்கலைக்கழக அதிகாரி குரங்குக் குல்லாயும் மப்ளருமாகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மலைக்காற்று தொண்டையைக் கட்டிவிட்டதாம். வாயே திறக்கவில்லை.

மறைப்புத் துணிக்குப் பின்னால், பழைய புத்தகக் கடையில் வாங்கிய பாட சிடியோடு பதுங்கியிருந்தான் லேப் உதவியாளர் செல்வின்.

"ஏலே, முன் பெஞ்சுப் பொண்ணு மிஸ்பா கேள்வி கேக்கயில நிப்பாட்டு. கேட்டு முடிச்சதும் ஓட விடு. பிசகுச்சு, நேரா ஜெயிலுதான்," என்று துணிக்குள் தலையை விட்டுக் கிசுகிசுத்தார் சண்முகராஜ்.

"உங்களுக்குத் துணைக்கு நானுமா சார்?"

திரையில் சுருட்டை முடியும் பச்சைச் சட்டையுமாகப் பேராசிரியர் தோன்றினார். அதிகாரி சட்டென்று நிமிர்ந்தார்.

"டாக்டர் கிருபாகரன் சார். இப்பத்தான் சென்னையில ஸ்டூடியோவுக்குள்ள வந்தாக," என்று குனிந்து சொன்னார் சண்முகராஜ். பெயர் அவரே வைத்தது.

பாடம் ஓடியது. அதிகாரி இமைக்கவில்லை. மப்ளர் நழுவிய இடத்தில், பேராசிரியர் சொல்வதற்குச் சற்று முன்னதாகவே அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. ஆள் பாடத்தில் மயங்கிவிட்டார் என்று சண்முகராஜ் நினைத்துக்கொண்டார்.

மிஸ்பா எழுந்தாள். "சார், பணவீக்கம்னா வெலை மட்டுந்தான் ஏறுமா?"

பேராசிரியர் வாய் பிளந்தபடி உறைந்தார். அந்தக் கண்கள் கடைசி பெஞ்சையே வெறித்தன.

"நெட்டு ஸ்லோ சார்," என்றார் சண்முகராஜ்.

"நல்ல கேள்வி," என்றது திரை. சொல்லிவைத்தபடி வகுப்பு கைதட்டியது.

அதிகாரி மெல்ல எழுந்து வந்தார்.

"நேரலையா?" குரல் கரகரத்தது.

"சத்தியமா சார்! இந்த நிமிசம் பேசிக்கிட்டிருக்காக."

அதிகாரி குல்லாயைக் கழற்றினார். வழுக்கைத் தலை பளபளத்தது. திரையை நோக்கி விரலை நீட்டினார்.

"அங்க நான் போட்டிருக்கிற பச்சைச் சட்டையை, என் சம்சாரம் பாத்திரக்காரன்கிட்டப் போட்டுப் பத்து வருஷமாச்சு."