பச்சைக்கறியா, பாக்கெட் தீனியா

"ரெண்டுக்கும் ஒரே சாப்பாடு இல்லையா தம்பி?" என்று அந்த அக்கா கேட்டார்.

என் இரண்டு கைகளிலும் கிண்ணம் இருந்தது. ஒன்றில் பச்சைக்கறி: கோழிக் கழுத்து, கொஞ்சம் ஈரல். இன்னொன்றில் பாக்கெட் தீனி, பழுப்பு உருண்டைகளாக.

நாய்களுக்குச் சாப்பாடு போடு என்று சொல்லிவிட்டுத் தலைவர் அந்தப் பக்கம் போயிருந்தார். மீட்புக் குழுவில் என் வேலையே அதுதான். தீனி, தண்ணீர், பாதத்தில் கண்ணாடி ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது.

எதிரே, நாலு மாடிக் கட்டடம் ஒரு மாடி உயரத்துக்குக் குவிந்து கிடந்தது.

அக்காவின் தம்பி அதற்கடியில் இருந்தார். டைல்ஸ் ஒட்டுகிறவர். முந்தாநாள் கட்டடம் இடிந்தபோது மூன்றாம் மாடியில் ஒட்டிக்கொண்டிருந்தார். தையல் கம்பெனியிலிருந்து அப்படியே ஓடிவந்த அக்காவின் கழுத்தில் அளவு நாடா இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"இல்லக்கா. இவன் கறி, அவன் பாக்கெட்டு."

கறி மிளகுக்கு. கறுப்பன், ஓர் இடத்தில் நிற்க மாட்டான். பாக்கெட் வாத்தியாருக்கு. மூக்கைச் சுற்றி நரைத்துப்போனதால் அந்தப் பெயர். ஆனாலும் கிண்ணத்தைத் தரையில் வைக்கும்வரை இரண்டும் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாது. வாத்தியாரின் வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கியது. அடியில் உயிரோடு ஆள் இருப்பது மோப்பத்தில் தெரிந்தால் குரைக்கும். காலையிலிருந்து இடிபாட்டின் மேல் ஏறி இறங்கியும் இரண்டும் ஒருமுறைகூடக் குரைக்கவில்லை.

"எது நல்லது?"

இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. விலங்குகளின் உணவைப் பற்றி மாலை வகுப்பில் படிக்கிறேன் என்றால், "நாய்க்குப் பரிமாற ஒரு படிப்பா?" என்று அண்ணன் சிரிப்பார்.

அதனால் கிண்ணங்களோடு குந்தி உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன்.

பச்சைக்கறியில் ஈரம் அதிகம், மிளகு தண்ணீர் குறைவாகக் குடிப்பான். ரோமம் மினுக்கும். ஆனால் கிருமி பயம் உண்டு, ஐஸ் பெட்டியைக் கட்டி இழுக்க வேண்டும். பாக்கெட் தீனி எந்த ஊருக்கும் மூட்டையாக வரும், அளவு தவறாது. ஆனால் தண்ணீர் நிறைய வைக்க வேண்டும்.

சொன்னதும் வழக்கம்போலச் சந்தேகம் வந்தது. மிளகு இளசு, வாத்தியார் கிழம். இரண்டே நாயை வைத்துக்கொண்டு எதையும் முடிவாகச் சொல்ல முடியாது. அதையும் அக்காவிடம் சொன்னேன்.

"பரவால்ல, சொல்லுங்க. மூக்குக்கு எது நல்லது?"

நல்ல கேள்வி. வகுப்பில்கூட யாரும் கேட்காதது.

"எளச்சுப்போன நாய் வாயால மூச்சு விடும்க்கா. அப்ப மோப்பம் கொறஞ்சிடும். கொழுப்பு சரியா சேர்ந்தா சீக்கிரம் எளைக்காது. அது கறியிலயும் வரும், பாக்கெட்லயும் வரும்."

"பசியோட இருந்தா?"

"கொஞ்ச நேரத்துக்கு மோப்பம் நல்லாவே இருக்கும்."

"இப்ப இதுங்களுக்குப் பசி இருக்கா?"

"இருக்கும்க்கா," என்றேன், மிளகின் கிண்ணத்தைக் கீழே இறக்கியபடி.

உடனே அடுத்த கேள்வி வந்தது. கறி வெயிலில் எவ்வளவு நேரம் தாங்கும்? கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு பதில் சொன்னேன். உருண்டையை ஊறவைத்துப் போடலாமா? அதற்கும் சொன்னேன். என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. நாடாவின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு, கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, இன்னும் போடலையா? இலை போட்டுப் பந்தி பரிமாறுறியா?" என்று தலைவர் அங்கிருந்தே கேட்டார்.

குனிந்தேன். கிண்ணத்தின் அடி மண்ணைத் தொடப்போகும்போது அக்கா அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"பச்சைக்கறியில எலும்பு போடலாமா தம்பி?"

பிடியை விடவில்லை.

அப்போதுதான் காலையில் நடந்தது எனக்கு நினைவு வந்தது. தம்பியைத் தேடுகிற நாயாயிற்றே என்று அவர் வாத்தியாரிடம் ஒரு பன்னை நீட்டினார். தடுத்தது நான்தான்.

"வேணாங்க்கா. வயிறு நெறஞ்ச நாய மேல ஏத்த மாட்டோம், உள்ள முறுக்கிக்கும். தேடி முடிச்சப்புறம்தான் சாப்பாடு" என்று சொல்லியிருந்தேன்.

தப்புச் செய்துவிட்டவர்போல அவர் பன்னைச் சட்டென்று பைக்குள் போட்டுக்கொண்டார்.

பின்னால் இடிபாட்டை அள்ளும் இயந்திரம் உறுமிக் கிளம்பியது. வாத்தியார் காதை மட்டும் அந்தப் பக்கம் திருப்பினான்.

இரண்டு கிண்ணத்தையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"போடலாம்க்கா," என்றேன். "ஆனா எல்லா எலும்பும் போடக் கூடாது."

கழுத்தெலும்பிலிருந்து ஆரம்பித்து, எனக்குத் தெரிந்த எல்லா எலும்பையும் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினேன்.