தூளி இறங்கிய காலை

மூங்கில் தோளில் ஏறியதும் அவளுக்கு மூச்சு நின்றது.

ஒரு பெண் இவ்வளவு கனமா?

ஒரு பெண் இல்லை. இரண்டு உயிர்.

கம்பளியைத் தூளியாக மூங்கிலில் கட்டியிருந்தார்கள். உள்ளே பூங்காவனம். நிறைமாதம். விடியும்போதே வலி கண்டுவிட்டது. முந்தைய நாள் மழையில் ஜீப் பாதை அறுந்து கிடந்தது. ஆம்புலன்ஸ் கீழ்ரோடு வரைக்கும்தான் வரும். அதுவரை ஐந்து கிலோமீட்டர் இறக்கம்.

தூக்க நான்கு தோள் வேண்டும்.

ஊரில் ஆண்கள் மிளகு பறிக்கக் கேரளா போயிருந்தார்கள். மனைவியின் பிரசவத்துக்காகத் திரும்பியிருந்தவன் சின்னராசு மட்டும். அவனும் அவன் அக்கா வெள்ளச்சியும் முன்னால் நின்றார்கள்.

பின்னால் டைட்டஸ். கடைசியில் அவள்.

இருவரும் நாகர்கோவிலில் கல்லூரி மாணவர்கள். கிறிஸ்தவ ஊழியப் பயணமாகப் பன்னிரண்டு பேர் மலைக்கு வந்து ஆறு நாள் ஆகியிருந்தது. மற்ற பத்துப் பேரும் முந்தைய நாள் அடுத்த ஊருக்குப் போனவர்கள். மழையில் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள்.

ஆறு நாளும் ஊர் அவர்களை விருந்தாளிகளாகவே வைத்திருந்தது. நாற்காலி போட்டது. டீ கொடுத்தது. பாடினால் கேட்டது. பேசினால் தலையாட்டியது. ஒரு வேலை செய்யவிடவில்லை.

இன்று காலையும் வெள்ளச்சி தடுத்தாள்.

"நீ வேணாம் பாப்பா. உன் தோளு தாங்காது."

"வேற யாரு இருக்கா?"

வெள்ளச்சி சுற்றிப் பார்த்தாள். பிறகு மூங்கிலின் பின்முனையைக் காட்டினாள்.

முதல் வளைவுவரை தடுமாறினார்கள். டைட்டஸ் ஒரு கோரஸ் எடுத்தான். கைதட்டிப் பாடும் பாட்டு. நான்கு பேர் காலும் தாளத்தில் சேர்ந்தது. இடது. வலது. இடது.

நன்றாகத்தான் போகிறோம் என்று நினைத்தாள்.

தூளி ஆடத் தொடங்கியது. முதலில் லேசாக. பிறகு ஊஞ்சல்போல.

"ஐயோ, பாட்ட நிறுத்துங்க!" உள்ளிருந்து பூங்காவனம் அலறினாள். "உசுரு போவுது!"

டைட்டஸ் வாயை மூடிக்கொண்டான்.

சின்னராசு திரும்பாமலே சொன்னான். "ஒண்ணா கால் வெச்சா ஆடும் தம்பி. ஆளுக்கொரு நடையா வெய்யிங்க."

அந்த ஊர் அவர்களை ஒன்றைச் செய்யச் சொன்னது அதுதான் முதல்முறை.

எளிதாக வரவில்லை. கால் தானாகவே முன்னால் போகும் காலோடு சேரப் பார்த்தது. அவள் டைட்டஸின் குதிகாலைப் பார்த்தாள். அது தரையில் படும்போது தன் காலைக் காற்றில் நிறுத்தினாள். மறுபடி தவறினாள். மறுபடி நிறுத்தினாள்.

தூளி அடங்கியது.

உள்ளே முனகல் மட்டும். வலி வரும்போதெல்லாம் பூங்காவனம் தன் குலசாமியைக் கூப்பிட்டாள். பின்னால் தூக்கி வந்தவள் தன் கர்த்தரைக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் கேட்டது ஒன்றைத்தான்.

ஓடை வந்தது.

முழங்காலளவு என்றார்கள். தொடையைத் தொட்டது. சேற்று நிறத்தில் இழுத்தது.

நடுவில் டைட்டஸ் வழுக்கினான்.

பின்பாரம் முழுவதும் அவள்மேல் இறங்கியது. தோள் எலும்பில் நெருப்பு வைத்த மாதிரி. முழங்கால் மடங்கப் பார்த்தது. தூளியின் அடி தண்ணீருக்கு ஒரு சாண் மேலே நின்றது.

"விட்டுராத பிள்ள!" தண்ணீருக்குள் இருந்து டைட்டஸ் கத்தினான். "விட்டுராத!"

விடவில்லை.

எத்தனை நேரம் என்று தெரியாது. அவன் எழுந்து வந்து தோள் கொடுத்தபோதுதான் தன் உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. ரத்தம் உப்புக் கரித்தது.

கீழ்ரோட்டில் ஆம்புலன்ஸ் வெள்ளையாக நின்றது.

நர்ஸ் ஓடிவந்தார். பூங்காவனத்தை ஏற்றினார்கள். வெள்ளச்சியும் உள்ளே போனாள். கதவைச் சாத்தினார்கள். வண்டி கிளம்பவில்லை. கிளம்ப நேரம் இல்லை என்று டிரைவர் கையைக் காட்டினார்.

மூன்று பேரும் ரோட்டில் நின்றார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

பிறகு, அந்தச் சத்தம்.

சின்னதாக. கோபமாக. நிறுத்தாமல்.

சின்னராசு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான்.

கதவு திறந்தது. "ரெண்டு பேரும் நல்லாருக்காங்க! ஏறுய்யா, ஏறு!" நர்ஸ் அவனை உள்ளே இழுத்துக்கொண்டார். வண்டி பறந்தது.

அவளும் டைட்டஸும் மிஞ்சினார்கள். மூங்கிலைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறத் தொடங்கினார்கள். அது இப்போது காற்றாக இருந்தது.

பாதி ஏற்றத்தில் டைட்டஸ் நின்றான்.

"ஏ பிள்ள, என்ன பிள்ள?"

ஆணா பெண்ணா என்று கேட்கவே மறந்திருந்தார்கள். பாறைமேல் சாய்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள்.

கடைசித் திருப்பத்துக்கு மேலே ஊர்ப் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். மலையில் போனுக்குச் சிக்னல் கிடையாது. காலையிலிருந்து அங்கேயே நின்றிருக்கிறார்கள்.

போனவர்கள் ஐந்து பேர். திரும்பி வருவது இரண்டு பேர். வெறும் மூங்கில்.

ஒருத்தி முந்தானையால் வாயை மூடினாள்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, அவர்கள் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று.

கத்திச் சொல்ல வாய் திறந்தாள். மூச்சு வாங்கியதில் வார்த்தை வரவில்லை.

மூங்கிலை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கினாள்.

அவள் சர்ச் உபதேசியார் மகள். அடுத்த தெருவில் அம்மன் கோயில் கொடைவிழா என்றால் அப்பா ஜன்னலைச் சாத்திவிடுவார். சாத்திய ஜன்னல் வழியாகக் கேட்டதுண்டு. ஒருநாளும் அவள் வாயில் வந்ததில்லை.

நாக்கு தானாகப் புரண்டது.

குலவை.

மலை அதை வாங்கித் திருப்பித் தந்தது. டைட்டஸ் திகைத்துப்போய் அவளைப் பார்த்தான்.

அவள் நிறுத்தவில்லை.

மேலிருந்து பெண்கள் இறங்கி ஓடிவரத் தொடங்கினார்கள், ஆளுக்கொரு குரலில் பதில் கொடுத்தபடி.