பதினாறு டிகிரி

வியாழக்கிழமை பதினோரு மணிக்குச் சரியாக அந்தக் கறுப்பு அம்பாசடர் பட்டறைக்குள் நுழைந்தது.

அகமது கபீர் இரண்டாவது ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

இறங்கியவர் பொன்னுச்சாமி இல்லை.

"நான் சேதுபதி, அபிராமத்துக்காரன். வண்டிய நான் வாங்கிட்டேன் பாய், கல்யாண ஊர்வலத்துக்கு விடலாம்னு. பொன்னுச்சாமி அய்யா மகன்கூட கோயம்புத்தூர் போயிட்டாரு. இனிமே அங்கனதானாம்."

ஸ்டூலைத் திரும்பத் தள்ளி வைத்த கபீருக்கு இரண்டு கவலை. பொன்னுச்சாமி ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார் என்பது ஒன்று. இந்த வண்டியின் ஏசியில் கபீர் ஒளித்து வைத்திருந்த திருட்டுத்தனம் இன்னொன்று.

ராமநாதபுரம் பைபாஸில் தனி ஆளாகக் கார் ஏசி பட்டறை நடத்துபவர் கபீர். ஆன் பண்ணுங்க, ஆஃப் பண்ணுங்க, பானட்டைத் தூக்குங்க. வாரத்தில் ஆறு நாள் அவர் வாயிலிருந்து வருவது அவ்வளவுதான். ராத்திரிக்குப் புரோட்டா பார்சல். அதற்குக்கூட வாயைத் திறக்க வேண்டியதில்லை. கடைக்காரர் முகத்தைப் பார்த்ததும் கட்டிவிடுவார்.

ஏழாவது நாள்தான் பொன்னுச்சாமி.

நயினார்கோவில் பக்கம் மிளகாய் விவசாயி. எழுபத்து நாலாம் வருஷத்து அம்பாசடருக்கு ஜப்பான் டீசல் எஞ்சினை ஏற்றி, வேறு ஏதோ காரின் ஏசிப் பெட்டியையும் பொருத்தி வைத்திருந்தார். மாசிக் கடைசியில், சந்தைக்கு மிளகாய் போட்டுவிட்டு முதல் தடவையாக வந்து நின்றார்.

"பாய், உள்ள உக்காந்தா இட்லி வெந்துரும்!"

மூன்று வாரம் கபீர் உண்மையாகவே தேடினார். விசிறியை மாற்றினார். காஸை அளந்தார். வண்டியின் அடித்தகட்டில் சூடு ஏறாமல் விரிப்பு ஒட்டினார். காற்று வரும் வாயில் தெர்மாமீட்டரைச் செருகினால், ஐந்தாறு காட்ட வேண்டிய இடத்தில் அதே பதினாறு டிகிரி.

நாலாவது வாரம் கண்டுபிடித்துவிட்டார். ஏசிப் பெட்டியோடு சேர்ந்து வந்த ஹீட்டர் குழாய். நம் ஊருக்கு எதற்கு ஹீட்டர்? அதன் வால்வு கால் திருகு திறந்து கிடந்தது. எஞ்சினின் வெந்நீர் அந்த வழியாகப் புகுந்து, வருகிற குளிரையெல்லாம் தின்றுகொண்டிருந்தது.

மூடினால் ஒரு நிமிட வேலை.

கபீர் மூடவில்லை.

மூடினால் அடுத்த வியாழன் யார் வருவார்?

அன்றிலிருந்து நாலு மாதம். கூலி மட்டும் வாங்கியதில்லை. பொன்னுச்சாமி பிளாஸ்கில் சுக்குக் காபி கொண்டுவருவார். இரண்டு ஸ்டூல். மழை, மிளகாய், தேர்தல், மூட்டுவலி. பேச்சுக்கு நடுவே தெர்மாமீட்டரைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் பாக்கணும்ணே" என்பார் கபீர்.

"அவசரமில்ல பாய்" என்பார் பொன்னுச்சாமி.

ஒரு வியாழன் அவர் தோளில் கிடந்த பச்சைத் துண்டில் ஒரு முனையைக் காணோம்.

"என்னண்ணே, துண்ட ஆடு மேஞ்சுருச்சா?"

"வீட்டுல எலி பாய், எலி!"

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

இப்போது எதிரில் நிற்பது சேதுபதி. நாளைக்கே மதுரையில் ஒருவனிடம் காட்டுவான். அவன் ஐந்தே நிமிடத்தில் வால்வைப் பிடித்துவிடுவான். நாலு மாதமாக இதைக்கூடப் பார்க்கத் தெரியாத மெக்கானிக்கா என்று கேட்பான். கோயம்புத்தூருக்கும் செய்தி போகும்.

சத்தமில்லாமல் இப்போதே மூடிவிட வேண்டியதுதான்.

"பானட்டத் தூக்குங்க தம்பி. ஏசியப் பாத்துருவோம்."

"ஏசிக்கு என்ன பாய்? பனிக்கட்டி மாதிரி இருக்கு! நாலு மாசமா ஒரு கொறையும் இல்ல, துண்டப் போத்திக்கிட்டுத்தான் ஓட்டுவேன்னு அய்யாவே சொன்னாரு. காஸ் மட்டும் ஒருக்கா உங்ககிட்ட காட்டச் சொன்னாரு."

கபீர் சேதுபதியை உள்ளே உட்காரச் சொல்லிவிட்டு, தாமே பானட்டைத் தூக்கினார். எஞ்சினை ஓடவிட்டுத் தெர்மாமீட்டரைச் செருகினார்.

ஆறு டிகிரி.

போன வியாழன்கூட இதே இடத்தில், இதே தெர்மாமீட்டரில், பதினாறு. அவர் கண்ணால் பார்த்தது.

பானட்டுக்குள் குனிந்தார். வால்வு இறுக்கி மூடியிருந்தது. சூட்டில் விரல் பொள்ளாமல் திருகுவதற்காக அதன் பிடியில் ஒரு துணியைச் சுற்றிக் கட்டியிருந்தது. திறந்து மூடி, திறந்து மூடி, கைபட்ட இடமெல்லாம் கிரீஸ் ஏறிக் கறுத்துப்போன துணி. மடிப்புக்குள் மட்டும் இன்னும் பச்சை மிச்சமிருந்தது.

ஏசிக் காற்றில் கிடுகிடுத்தபடி சேதுபதி உள்ளேயிருந்து கேட்டான்:

"என்ன பாய், ஏதும் கோளாறா?"

"ஒண்ணுமில்ல தம்பி." கபீர் நிமிரவே இல்லை. "எலி."