இருபத்தைந்து வருட வாரண்டி

நண்பகல் வெயிலில் மொட்டைமாடித் தரை கொதிக்கிறது. சோலார்காரர் பேனல் பொருத்த டேப்பை இழுத்து அளக்கிறார். அதன் மறுமுனையைச் செருப்புக்காலால் மிதித்தபடி கணவர் நிற்கிறார். தண்ணீர்த் தொட்டியின் ஒட்டு நிழலில் ஒதுங்கியிருக்கிறாள் அவருடைய மனைவி. அவள் நர்ஸ். வேறு ஊர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருப்பதை இன்னும் வீட்டில் சொல்லவில்லை. திங்கட்கிழமைக்குள் பதில் அனுப்பியாக வேண்டும். "இருபத்தஞ்சு வருஷம் வாரண்டி சார், அதுவரைக்கும் நீங்க இந்தப் பக்கமே திரும்பிப் பாக்க வேணாம்" என்கிறார் சோலார்காரர். அவள் அதைத் தன் வயதோடு கூட்டிப் பார்க்கிறாள். அறுபத்தாறு. "நடுவுல நாம வேற ஊருக்குப் போற மாதிரி ஆச்சுன்னா?" என்று கேட்டேவிடுகிறாள். கணவர் சிரிக்கிறார். "நாம எங்கம்மா போகப் போறோம்? கடைசி வரைக்கும் இங்கதான்." அவர் குரலில் அத்தனை பிரியம். வீடு இருவர் பெயரிலும் இருப்பதால் ஒப்பந்தத்தில் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டுமாம். கணவர் போட்டுவிட்டுப் பேனாவை நீட்டுகிறார். கீழே தெருமுனையில் ஒரு பஸ் ஹார்ன் அடித்துத் திரும்புகிறது. அந்தச் சத்தம் தேய்ந்து மறையும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சுடுகிற கைப்பிடிச் சுவரில் காகிதத்தை வைத்து அவளும் கையெழுத்துப் போடுகிறாள். "இன்னும் எங்கல்லாம் போடணும்?" என்று கேட்கிறாள்.