வானவில் விழுந்த சட்டை

ஜன்னல் வெளிச்சம் மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. கணினித் திரையில், விற்பனைக்கென்று அக்கா தைத்த பொடிக்கோடு போட்ட சட்டை. அதன் நெஞ்சு முழுக்கப் பச்சையும் ஊதாவும், ஈரத் தரையில் எண்ணெய் சிந்தியதுபோல, அலையலையாய் நெளிகின்றன. படத்தைத் துளி மங்கலாக்கித் தருகிற மெல்லிய கண்ணாடி ஒன்று தம்பியின் கேமராவுக்குள் இருந்தது. போன வாரம்தான் அதைக் கழற்றி எடுத்தான். "இனிமே நூல் நூலா எண்ணலாம், என் கேமராகிட்ட எதுவும் தப்பாது" என்று வீடெல்லாம் தம்பட்டம் அடித்தவனும் அவன்தான். அந்தக் கண்ணாடி இல்லாவிட்டால், நெருக்கமான கோடுகளைக் கண்டதும் கேமரா இல்லாத நிறத்தைக் கிளப்பிவிடும் என்று பழுது பார்ப்பவர் சொன்னதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அக்கா சட்டையை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள், கட்டைவிரலால் தேய்க்கிறாள். "கறை ஒண்ணும் தெரியலையேடா." அவன் படத்தைப் பெரிதாக்குகிறான். பொத்தானில் ஓடிய நூலின் பிசிறுகூடத் தெரிகிறது. கோளாறு துணியில் இல்லை, கேமராவில்தான் என்று சொல்லிவிட வாயைத் திறக்கிறான். வீடெல்லாம் அடித்த தம்பட்டம் நினைவுக்கு வர, மூடிக்கொள்கிறான். "என் கண்ணுதான் மங்கிப்போச்சு போல. இத்தனை துல்லியமா எடுக்குறது பொய்யா சொல்லும்? நல்லவேளை, கடைக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி நீ பாத்தே." அக்கா அவன் தலையை ஒருமுறை தடவிவிட்டு, முன்பக்கத் துணியை மாற்ற, கத்தரிக்கோலால் தோள் தையலைப் பிரிக்கத் தொடங்குகிறாள். நறுக், நறுக் என்று நூல் அறுகிறது. அவன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.