மூன்று வால்கள்

"இந்த அபூர்வ அரணை ஒண்ணே ஒண்ணுதான்னா, பிடிச்சு மிருகக்காட்சிசாலைக்கு அனுப்பிட்டு நாளைக்கே மலைக்கு வெடி வெச்சிடலாம். ரெண்டுக்கு மேல இருந்தாத்தான் நிறுத்த முடியும். சட்டம் அப்படி" என்றார் அதிகாரி.

"அதான் மூணு இருக்குன்னு கரடியாக் கத்துறேனே, சார்!"

அவள் படங்களை ஒவ்வொன்றாக அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். பாசி படர்ந்த கல்லைப் புரட்டி, அடியில் பதுங்கிய செம்பு நிற அரணையைப் பிடிக்கும்போது எடுத்த படங்கள்.

"கையில குடும்மா."

"நானே காட்டுறேன். போன தடவை குடுத்த படத்து மேல உங்க ஆளு டீ டம்ளரை வெச்சுட்டான்."

"மரியாதையாப் பேசுடி" என்று வாசலிலிருந்து அம்மா பல்லைக் கடித்தாள். கல் உடைத்து மகளைப் பட்டதாரியாக்கியவள் அவள்.

"இது முழு வால். இது மொட்டை வால். இது குட்டை வால், நிறம்கூட வெளுப்பு. பார்த்தீங்களா?"

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அதிகாரி குனிந்தார். அவள் கட்டைவிரல் படத்தின் ஓரத்தைவிட்டு அசையவில்லை.

"மூணும் மூணு மாதிரிதான் இருக்கு. கீழ எங்கேயாவது கொண்டுபோய் விட்டா பிழைக்காதா?"

"கீழ சூடு, சார். ஈரக் கல்லு இல்லாம ரெண்டு நாள் தாங்காது. மேல ஏறிப் போகட்டும்னா, அதுக்கு மேல மலையே இல்லை."

அதிகாரி சிரித்துவிட்டார். "அரணை கடிக்க வந்து பாதி வழியில மறந்துடுமாம். நீ பிடிச்ச பிடியை விடவே மாட்டியா?"

தடை உத்தரவில் கையெழுத்து விழுந்தது.

படியிறங்கும்போது அம்மா அவள் தோளை இடித்தாள். "வாயாடி! உன்னைப் படிக்க வெச்சது வீண் போகலை. இனிமே மூணும் பெருகி மலையே நிறைஞ்சிடும், பாரேன்."

மகள் படங்களைத் துணிப்பைக்குள் தள்ளக் கட்டைவிரலை எடுத்தாள்.

மூன்று படத்திலும் இடது முன்காலில் அதே விரல் இல்லை. ஒரு வருஷமாகக் கல் கல்லாகப் புரட்டியும் அந்த உச்சியில் அவளுக்குக் கிடைத்தது அந்த ஒற்றை அரணைதான். முதல் தடவை பிடித்தபோது, பயத்தில் அது தன் வாலை அறுத்துப் போட்டுவிட்டு ஓடியதும் அவள் கையிலிருந்துதான்.