சூரியனுக்குக் காய்ச்சல்

மலைமேல் நின்ற பஸ்ஸின் டிரைவரிடமிருந்து டிப்போ மேனேஜருக்கு ஆங்கிலத்தில் ஒரு மெசேஜ் வந்தது.

"பிரேக் இல்லையாம். ஒருநாள் ஓய்வு கிடைக்கலைன்னா குடியா முழுகிடும்?" என்று முணுமுணுத்தபடி, 'பரவாயில்லை, வண்டியை எடு' என்று பதில் அனுப்பினார்.

எதிரிலிருந்த கிளார்க் பெண் நிமிர்ந்தாள். "வண்டி பிரேக்கைச் சொல்றாரோ, சார்?"

"அதுக்கு ஸ்பெல்லிங் வேறம்மா. இது ஓய்வு எடுக்கிற பிரேக்."

"சார், சன்னுக்குக் காய்ச்சல்னு லீவ் லெட்டர் எழுதினப்போ, மகனை விட்டுட்டு சூரியனோட ஸ்பெல்லிங்கைப் போட்டவர் அவரு."

மேனேஜர் மெசேஜை மறுபடி பார்த்தார். உடனே போன் செய்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது குரல். இறக்கத்தில் பதினோரு வளைவுகள், பஸ் நிறைய ஜனங்கள். திரும்பத் திரும்ப அடித்தார்.

ஒரு மணி நேரம் கழித்து, வாசலில் நின்ற லாரியிலிருந்து டிரைவர் இறங்கி வந்தார்.

"பஸ் எங்கய்யா? ஜனங்க?" மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"பஸ் மேலேயே நிக்குது. ஜனங்களை வேற பஸ்ல ஏத்திவிட்டேன்." டிரைவர் சாவியை மேஜைமேல் வைத்தார். "பிரேக் இல்லாம எனக்கு ஓட்ட வராது சார். நீங்களே போய் எடுத்துட்டு வந்துடுங்க."